நீங்கள் கேட்டு வாங்கிய கரை

மாஸ்ரர்,

இன்று சம்பல் இடிக்கவென்று மாசிக் கருவாட்டுப் பொட்டலத்தை வெட்டினேன். ஒஸ்லோவில், எல்லிங்ஸ்ருட் வீடு முழுக்க அந்த வாசம். யன்னலைத் திற என்று மகள் கத்துகிறாள். பொட்டலத்தில் மாலைதீவு என்று எழுதியிருந்ததைப் பார்த்ததும் இடிப்பதை விட்டுவிட்டு எழுத உட்கார்ந்தேன். உங்களிடம் சொல்லாமல் விட்டதை இன்றாவது சொல்லிவிட வேண்டும்.

நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்ட் மீன் தொழிற்சாலையில் நாம் பக்கத்தில் பக்கத்தில் நின்று மீன் வெட்டினோம். அதற்கு முன் மாலைதீவில் ஒரு சின்னத் தீவில் கணக்குப் படிப்பித்தவர் நீங்கள். மீனுக்கும் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கிறீர்களோ என்று பகிடி பண்ணுவேன், சிரிப்பீர்கள். ஒரு தேநீர் நேரத்தில்தான் மற்றதைச் சொன்னீர்கள். அந்தத் தீவில் பிறந்து பன்னிரண்டாம் நாள் இறந்துபோன உங்கள் மகளைப் பற்றி.

பச்சைக் குழந்தையை நம்மவர் எரிப்பதில்லை, புதைப்பார்கள். தீவுக்காரர் ஊர் நடுவே இடம் தந்தார்கள். நீங்கள்தான் கடலோரம் வேண்டுமென்று கேட்டு வாங்கி, புதைத்த இடத்தில் ஒரு தென்னம்பிள்ளை வைத்தீர்கள். உங்களிடம் படித்த ஒருவர் ஆண்டுதோறும் அந்தத் தென்னையைப் படமெடுத்து அனுப்புவார். படத்துக்குப் படம் கடல் கிட்ட வந்தது.

"நடுவிலை தந்தவங்கள். நான்தான் கரை வேணுமெண்டு நிண்டனான். பிள்ளையைக் கொண்டுபோய்க் கடலின்ரை வாய்க்குள்ளை வச்சிட்டன்."

"நடுவிலை எண்டாலும் என்ன மாஸ்ரர், இருநூறு அடிதானே தள்ளி."

ஆறுதல் என்று நினைத்துச் சொன்னேன். "அப்ப அதுவும் போகுமெண்டுறியோ?" என்றீர்கள். தண்ணீருக்கு அப்பால் எரிவாயு ஆலையின் சுவாலையைக் காட்டி, "இந்த நெருப்பு எல்லாருக்கும் தெரியுது. அங்கை ஏறுற தண்ணி ஆருக்கடா தெரியும்?" என்றீர்கள்.

ஒஸ்லோ ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கண் மங்கிய கடைசிக் கிழமை, உங்கள் கைபேசி என் கையில் இருந்தது. படம் வந்தது. தென்னை வேரோடு சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. கரையே இல்லை.

"மரம் நிக்குதோ?"

"ஓம் மாஸ்ரர், நிக்குது. காய்ச்சுமிருக்கு."

"எத்தினை காய்?"

கணக்கு வாத்தியார் அல்லவா. "ஒன்பது," என்றேன். நீங்கள் தலையாட்டினீர்கள். அந்தப் பொய்க்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை. திரும்பக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

போன கிழமை உங்கள் மாணவர் எழுதினார். மண்மூட்டை அடுக்கிப் பார்த்தார்களாம். கிணறெல்லாம் உப்பாகிவிட்டதாம். எல்லோரும் தலைநகருக்குப் போகிறார்களாம். அதுவும் தீவுதான், அதுவும் தாழ்வுதான். காலநிலை மாநாடு, கடல் மதில் என்று செய்தியில் சொல்கிறார்கள். எனக்கு எதிலும் நம்பிக்கை இல்லை.

முப்பத்தோராம் நாள் பெயர் வைக்கவிருந்த பிள்ளை அவள். எந்தப் பதிவிலும் பெயர் ஏறவில்லை. நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் வீட்டுக்குள் ஒரு பெயர் சொல்லி அவளைக் கூப்பிட்டீர்கள். அக்கா முதலில் போனார், பிறகு நீங்கள். அந்தப் பெயரை, நீங்கள் சொல்லி, அறிந்தவன் இப்போது நான் ஒருவன்தான். எனக்கும் எழுபது ஆகிறது, மாஸ்ரர்.