கணு இல்லாத கட்டை

என் சரசு, கூப்பிட்டதும் "இப்ப என்னவாம்?" என்று கேட்பவளே,

களைத்துப் போயிருக்கிறேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீயே கண்டுபிடித்துத் திட்டுவாய். தாமுவேயில் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரிவதில்லை. வந்தால் கட்டடமே "மீ லாபீ!", கரண்ட் வந்துவிட்டது என்று பர்மிய பாஷையில் கத்துகிறது. நான் எழுந்துபோய் அரிசியைக் குக்கரில் போடுவதற்குள் மறுபடி போய்விடுகிறது. அதனால் கரியடுப்புதான். கரிப் பையைப் பால்கனிக் கயிற்றில் கட்டி நாலாம் மாடிக்கு இழுத்தால் தோள்பட்டை கழன்றுவிடும்போல இருக்கிறது.

இப்படிப்பட்ட மனுஷனிடம் உன் மகள் என்ன கேட்கிறாள் தெரியுமா? செல்வி அமெரிக்காவில் வாங்கியிருக்கும் பழைய வீட்டில், கூடத்துச் சுவரில் செங்கல் கணப்பு ஒன்று இருக்கிறதாம். அதில் விறகுக்குப் பதிலாக கேஸ் வைக்கப் போகிறாளாம். கேஸ் தீக்கு நடுவில் அடுக்கிவைக்க, பீங்கானில் செய்த கட்டைகள் விற்கிறார்கள். பார்த்தால் அசல் விறகேதான். "நீங்கதான்பா செலக்ட் பண்ணணும்" என்று போனில் படம் படமாக அனுப்புகிறாள்.

நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்தேன். பட்டை உரிந்த வெள்ளைக் கட்டை, பிளந்து கருகிய கட்டை, பாசி படிந்தது என்று என்னென்னவோ.

"இது வேணாம்மா, கணு நெறைய இருக்கு. வெடிச்சுப் பொறி பறக்கும்" என்றேன்.

சிரித்தாள் பார், அப்படி ஒரு சிரிப்பு. "அப்பா! அது பீங்கான்பா. எரியவே எரியாது. எப்பப் பாத்தாலும் அப்படியே இருக்கும்."

என்னைச் சொல்லி என்ன? கோயில் தீமிதிக்குக் கட்டை பொறுக்க வருஷா வருஷம் அக்கரையில் தன்லியின் ஊரில் இருக்கும் விறகுக் கடைக்குப் போனவர்கள் நாம்தானே? பூக்குழியில் இறங்குகிறவள் நீ. கணு இருந்தால் தணல் தெறித்து உன் காலில் படுமே என்று ஒவ்வொரு கட்டையையும் தடவித் தடவிப் பார்ப்பேன். "மாரியாத்தாளுக்கே இல்லாத கவலை உங்களுக்கு எதுக்கு?" என்று கடைக்காரர் முன்னாலேயே என் மானத்தை வாங்குவாய். இந்த வருஷமும் கட்டை பார்க்க என்னைக் கூப்பிட்டார்கள். போகத் தெம்பு இல்லை. இறங்குவதற்கும் ஆள் குறைவு, வாலிபப் பிள்ளைகள் எல்லாம் நாட்டைவிட்டே போய்விட்டார்கள்.

சரி, பீங்கானே ஆகட்டும் என்றால் அதிலும் இரண்டு வகை. புகைபோக்கியைத் திறந்துவைத்து எரிப்பது ஒன்று. தீ மஞ்சளாக, பெரிதாக, நிஜம்போலவே ஆடும். ஆனால் சூடு பெரும்பாலும் மேலே போய்விடும். மற்றதில் தீ சிறிசு, சூடு அறைக்குள்ளேயே நிற்கும்.

"அழகா இருக்கறதையே வாங்கும்மா. நீ பாத்துக்கிட்டே இருக்கலாம்" என்றேன்.

"எனக்கு எதுக்குப்பா? வீடு பூரா ஹீட்டர் இருக்கு, எனக்குக் குளிரவே இல்ல. இது உங்க முட்டி வலிக்கு. நீங்க வரலன்னா எந்தக் கட்டையும் வேணாம், செங்கல் வெச்சு அடைச்சிடறேன்."

நீ போனதிலிருந்து "வந்துடுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டேதான் இருக்கிறாள். "உங்கம்மா இங்க இருக்கா" என்று நானும் தட்டிக்கழித்துக்கொண்டே வந்தேன். இந்தத் தடவை அதைக் கேட்காமல் கட்டையைக் கேட்டிருக்கிறாள். உன் வயிற்றில் பிறந்தவள் வேறு எப்படி இருப்பாள்?

உன்னை விட்டுவிட்டு எப்படிப் போவது, சரசு? போட்டாதாங்கில் உன் சாம்பலைக் கரைத்த படகுத்துறைக்குப் போய் நின்றேன். படகு வந்தது, ஆட்கள் இறங்கிப் போனார்கள், மூட்டை இறக்கினார்கள். போ என்பாயா, இரு என்பாயா? முப்பது வருஷத்துக்கு மேல் உன்னோடு குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியவில்லை. ஒருத்தனுக்காக அடுப்புப் பற்றவைப்பது அலுத்துவிட்டது. இதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

நேற்று செல்வியைக் கூப்பிட்டு, சூடு நிற்கிற வகையையே வாங்கச் சொன்னேன். நான் வருகிறேன் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன்.

"எனக்கு அங்கயே ஏதாச்சும் ஆயிட்டா, சாம்பலை இங்க கொண்டாந்து உங்கம்மாகூடச் சேத்துடும்மா."

"முதல்ல வந்து சூடா உக்காருங்கப்பா" என்றாள். மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, "கொண்டாறேன்" என்றாள்.

கோபித்துக்கொள்ளாதே. கொஞ்ச காலம் மகள் பக்கத்தில் குளிர்காய்ந்துவிட்டு உன்னிடமே வந்துவிடுகிறேன். இது சத்தியம்.

எங்கே போனாலும் உன் வீட்டுக்காரன்,
முருகேசன்