கத்திரிக்காய்க்கு விழுந்த ஓட்டு

ஆகஸ்ட் 1999, ஞாயிறு. ஜோகுபாளையம்.

எந்தக் கட்சி சொல்வதையும் கேட்காமல் நீங்களாக யோசித்து ஓட்டுப் போடுங்கள் என்று தெருப் பெண்களுக்கு வகுப்பு எடுத்து வருகிறேன். இன்று ஒத்திகைத் தேர்தல். என் கூடையிலிருந்த காய்கறிகள்தான் சின்னங்கள்; ஒவ்வொன்றாக எடுத்துத் தூக்கிக் காட்டினேன். வெங்காயம் ஜெயித்தால் தினமும் குழாயில் தண்ணீர் வரும், கத்திரிக்காய் ஜெயித்தால் கல்யாண மண்டபம் என்று வாக்குறுதிகளைப் படித்துக் காட்டினேன். எண்ணிப் பார்த்தால் அத்தனை ஓட்டும் கத்திரிக்காய்க்கு.

"தண்ணி வேணாமா உங்களுக்கு?" என்றேன்.

இட்லிக்கடை செல்வி சிரித்தாள். "நீங்கதானே மிஸ் கத்திரிக்காய மொதல்ல தூக்கிக் காமிச்சீங்க? எங்களுக்குப் புரியாதா?"

எனக்கு ஏதோ உபகாரம் செய்துவிட்ட மாதிரி மற்றவர்களும் தலையாட்டினார்கள். கூடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கத்திரிக்காயை முதலில் தூக்கினேன்தான்; கூடையில் அதுதான் மேலே கிடந்தது.