கியர் இல்லாத லைசென்ஸ்

என் தங்கத்துக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் தம்பியும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் எங்களோடு ஒட்டாமல் தனிக்குடித்தனம் நடத்துகிறது. நீயும் உன் அறைத்தோழியும் வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு நல்லபடியாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில், ரத்த மாதிரிகளைப் பைக்கில் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை கிடைத்துவிட்டது என்று நீ சொன்னதிலிருந்து அப்பாவைக் கையில் பிடிக்க முடியவில்லை, பால்காரர், எதிர்வீட்டு வாத்தியார், வழி கேட்க வந்தவர் என்று ஒருவரை விடாமல் சொல்லியாகிவிட்டது. எனக்கும் சந்தோஷம்தான். இத்தனை நாள் ஓட்டல் பாத்திரத்தோடு மல்லுக்கட்டிய கை, இனி ஹேண்டில்பாரைப் பிடிக்கப்போகிறது. ஆனால் அதற்குள் ஒரு விஷயம் இருக்கிறது. போனில் சொல்லியிருக்கலாம், நான் வாயைத் திறந்தாலே நீ சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய். அடுத்த மாதம் நீ வேலையில் சேர்வதற்குள் இந்தக் கடிதம் வந்து சேர்ந்துவிடும், பொறுமையாக உட்கார்ந்து படி.

எங்கள் மருத்துவமனையில், வீடு வீடாகப் போய்ப் புண்ணுக்குக் கட்டுப் போடுகிற எங்களுக்குப் புது பைக் கொடுக்கிறார்கள். இதுவரை நான் ஸ்கூட்டரில் பக்கத்துத் தெருக்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுக்கு மேலே இருக்கிற வீடுகளுக்கு இனிமேல் நான்தான் போக வேண்டும் என்று தலைமை நர்ஸ் சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை, எத்தனை வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த வேலை. பைக் சாவியைத் தருவதற்கு முன் அலுவலகக் கிளார்க் லைசென்ஸ் அட்டையைக் கேட்டார். வாங்கியவர் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை, நேராகத் திருப்பினார். சிஸ்டர், இதுல கியர் வண்டிக்கு அனுமதியே இல்லையே, கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு மட்டும்தானே போட்டிருக்கு என்றார். நான் சிரித்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பைக்கை அவரை விட நான்தான் நல்லா ஓட்டுவேன் என்றேன். ஓட்டத் தெரியாதுன்னு யார் சொன்னா, அட்டையில இல்லையேன்னுதான் சொல்றேன் என்றார். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். குட்டியாக ஒரு ஸ்கூட்டர் படம், அதற்கு நேரே தேதி, அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் முன்பக்கத்தைத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் போட்டோவைத் திட்டுவதற்கு.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. நீயும் நானும் ஒரே நாளில் டெஸ்ட்டுக்குப் போனோமே, அப்பா பைக்கைத் துடைத்துப் பெட்ரோல் எல்லாம் போட்டு வைத்திருந்தார். கிளம்புகிற நேரத்தில் உன் சித்தப்பா சித்தியின் ஸ்கூட்டரோடு வந்து நின்று, எதுக்கு அண்ணி கிளட்ச்சோட மல்லுக்கட்டணும், இதுல ஏறி எட்டுப் போட்டுட்டு வாங்க, லைசென்ஸ் லைசென்ஸ்தான் என்று சொல்ல, நாமும் அடடா என்ன மூளை என்று ஏறிக்கொண்டோம். எந்த வகை வண்டியில் டெஸ்ட் கொடுக்கிறோமோ அந்த வகைக்குத்தான் அனுமதி என்று நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. கியர் வண்டியில் பாஸ் செய்தவர் ஸ்கூட்டரும் ஓட்டலாம், ஸ்கூட்டரில் பாஸ் செய்தவர் அதோடு நிற்க வேண்டியதுதான். இப்போது கேட்டால், நான் சும்மா ஒரு ஐடியா சொன்னேன் அண்ணி என்று நழுவுகிறார் மனுஷன். அந்த அட்டையைக் கொடுத்துத்தானே நீ அந்த ஊர் லைசென்ஸ் வாங்கினாய்? இங்கே இல்லாத அனுமதி அங்கே போய் முளைத்திருக்காது. உனக்கு அவர்கள் கொடுக்கப்போவது கியர் பைக் என்று நீதான் சொன்னாய். அதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

அதனால் இதைப் படித்ததும் உன் அட்டையைத் திருப்பிப் பார். ஒவ்வொரு வகை வண்டிக்கும் ஒரு குட்டிப் படம் இருக்கும், எந்த வண்டிக்கு நேரே தேதி இருக்கிறது என்று பார், அந்தத் தேதி எதுவரைக்கும் என்றும் பார், அட்டை முடிகிற நாள் வேறு அனுமதி முடிகிற நாள் வேறாக இருக்கலாமாம். ஓரத்தில் ஏதாவது எண் இருந்தால் அலட்சியமாக விடாதே, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் என்கிற நிபந்தனையை அப்படி எண்ணாகவும் போடுவார்களாம். அங்கே என்ஜின் அளவை வைத்தும் பிரித்திருக்கிறார்கள், சின்னது, நடுத்தரம், பெரியது, ஒவ்வொன்றுக்கும் ஒரு வயது என்று உன் தோழி முன்பு சொன்னாளே, அவளைக் கேள். கூடத்தில் தரப்போகிற பைக் எந்த அளவு என்பதையும் கேட்டுக்கொள். அட்டையை மட்டும் நம்பாமல் லைசென்ஸ் அலுவலகத்தின் பதிவில் என்ன இருக்கிறது என்றும் பார்த்துவிடு. எங்கள் தலைமை நர்ஸ் விலாசம் மாற்றியபோது, அவர் முறையாகப் பாஸ் செய்திருந்த கியர் பைக்கையே புது அட்டையில் விட்டுவிட்டார்களாம், பழைய அட்டையின் நகலோடு எழுதிப்போட்டுத் திரும்ப வாங்கினாராம். பாஸ் செய்தும் விட்டுப்போயிருந்தால் அவர்கள் திருத்த வேண்டியது. நம்முடையது அப்படியில்லை, நாம் டெஸ்ட் கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இனிதான் கஷ்டமான பேச்சு. யார் பார்க்கப்போகிறார்கள், சேர்ந்துவிட்டு மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று உனக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. தலைமை நர்ஸ் அறைக்குப் போகிற வழியில், அந்த வேலையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாரோ என்று பாதியில் திரும்பிவிடப் பார்த்தேன். கிளார்க் போய்ச் சொல்வதற்குள் நானே சொல்லிவிட்டேன். பாஸ் பண்ணிட்டு வா, அதுவரைக்கும் அந்த வீடுகளை யாருக்கும் குடுக்க மாட்டேன் என்றார். எல்லா முதலாளியும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், அது எனக்குத் தெரியும். உன் மேலாளர் முடியாது என்று சொன்னால் வேலை கைநழுவிப் போகும், நீ அழுவாய், நானும் இங்கே அழுவேன். ஆனாலும் நீயே போய்ச் சொல்லு. அனுமதி இல்லாத வண்டியில் ஒரு சின்ன இடிபாடு என்றாலும் இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார், அந்த ஊரில் உனக்காக ஓடி வர நான் இல்லை.

சரி, நல்ல சேதிக்கு வருகிறேன். போன வாரம் அப்பாவின் பைக்கில் போய் டெஸ்ட் கொடுத்தேன். வரிசையில் எல்லாம் உன் வயதுப் பிள்ளைகள், நடுவில் நான் ஒருத்தி. கிளட்ச்சை விட்ட வேகத்தில் முதல் முறை வண்டி நின்றுபோய் மானம் கப்பலேறியது. தேர்வு அதிகாரி, பயப்படாதீங்கம்மா என்றார். நான் பயப்படல சார், வண்டிதான் என்னைப் பார்த்துப் பயப்படுது என்றேன், அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த முறை ஒரு கால் ஊன்றாமல் எட்டுப் போட்டு முடித்தேன். வேலிக்கு வெளியே நின்ற உன் அப்பா முழங்காலையும் மறந்து கைதட்டி, எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி செய்தார். நேற்று புது அட்டை வந்தது, நாளையிலிருந்து மேட்டு வீடுகள் எனக்கு. நானே பாஸ் செய்துவிட்டேன், கியர் மாற்றுவதே பின்னால் உட்கார்ந்தவருக்குத் தெரியாமல் ஓட்டுகிற உனக்கு அது ஒரு வேலையா? அங்கே டெஸ்ட்டுக்கு எப்போது தேதி கிடைக்கும் என்று இன்றைக்கே கேள். தம்பியும் லைசென்ஸ் எடுக்கத் துடிக்கிறான், எடுக்கட்டும், ஆனால் டெஸ்ட் அன்றைக்கு சித்தப்பாவை வீட்டுப்பக்கமே விடக்கூடாது என்று அப்பாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நோய்நொடி இல்லாமல், போகிற பாதையெல்லாம் நேராக அமைந்து, நீண்ட நாள் நன்றாக இரு. உனக்கு வேலை கிடைத்தது பெருமைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த மேலாளர் முன்னால் நின்று, இந்த வண்டிக்கு எனக்கு இன்னும் அனுமதி இல்லை, எடுத்துட்டு வர்றேன் என்று நீ சொல்லிவிட்டு வந்தாயானால், அன்றைக்கு இந்தத் தெரு முழுக்கச் சொல்லப்போவது உன் அப்பா இல்லை, நான்தான். அட்டையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மறக்காமல் பதில் போடு.

இப்படிக்கு,
கியர் வண்டிக்கும் முறைப்படி லைசென்ஸ் வாங்கிவிட்டு உனக்காகக் காத்திருக்கும்
அம்மா