அம்மா நிறுத்திய மாத்திரை

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அங்கே உடம்புக்கு ஒன்றுமில்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி எழுந்து வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் முதல் விருப்பம். அம்மா எழுதும் கடிதத்தில் இதற்கு அடுத்த வரி இங்கே எல்லோரும் சுகம் என்று வரும். அந்த வரியை எழுத எனக்குக் கை வரவில்லை, அதனால்தான் இந்த முறை அம்மாவுக்குத் தெரியாமல் நான் எழுதுகிறேன். அம்மாவும் அப்பாவும் உள்ளே தூங்குகிறார்கள், நான் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன், எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே. போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். நீ கூப்பிட்டாலே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறார்கள், அம்மா என் தொடையைக் கிள்ளிக்கொண்டே உன்னிடம் சிரித்துப் பேசுகிறாள். "அவளுக்கு வேலை நிரந்தரமாகட்டும், அதுவரைக்கும் நீ மூச்சு விடக்கூடாது" என்று எனக்குக் கட்டளை. தையற்கடையில் அம்மாவுக்குப் பக்கத்து மிஷினில் தைப்பவர் காலையில் உன் ஊருக்குப் புறப்படுகிறார், அவர் கையில் இதைக் கொடுத்துவிடப் போகிறேன்.

அம்மா ஈரலில் இருக்கும் வைரஸுக்காகத் தினமும் சாப்பிடும் மாத்திரையை நிறுத்திவிட்டாள். போன முறை ரத்தம் பார்த்தபோது முடிவில் வைரஸ் தென்படவில்லை என்று வந்திருந்தது. அந்த ஒரு சொல்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. நம் அப்பாவுக்குப் பூச்சி மருந்து அடிக்கும் தொழில், அவருக்குத் தென்படவில்லை என்றால் வேலை முடிந்தது, பெட்டியைக் கட்டலாம் என்று அர்த்தம். "ஒன்னுமே கண்ணுல படல, அப்புறம் எதுக்கு தினமும் மருந்து? பூச்சி இல்லாத வீட்டுல அடிச்சா வீட்டுல இருக்கறவங்களுக்குத்தான் கெடுதல்" என்றார். மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை அவர் தொழில் புத்தியோடு எச்சரிக்கைப் பகுதி வரை படித்துவிட்டார். வாந்தி வரலாம், தலை வலிக்கலாம், நாள்பட்டால் சிறுநீரகம் கெடலாம், எலும்பு பலம் குறையலாம் என்று அதில் இருக்கிறது. அதற்காகத்தானே அவ்வப்போது ரத்தமும் சிறுநீரும் எடுத்துப் பார்க்கிறார்கள் என்று நான் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. போன வருடம் அப்பாவுக்கு இடுப்பில் அக்கி வந்ததே, அதற்குக் கொடுத்ததும் வைரஸ் மருந்துதான், ஒரு வாரத்தில் முடிந்தது. அதே கணக்கை அம்மாவுக்கும் போட்டுவிட்டார். அம்மாவுக்கும் மாத்திரை போட்டால் குமட்டுகிறது என்று ஒரு சாக்கு இருந்தது.

நான் அம்மாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வைரஸ் தானாகப் பெருகாதாம், நம் ஈரலின் உயிரணுவுக்குள் புகுந்து அதன் சாமான்களை வைத்தே தன்னை நகல் எடுத்துக்கொள்ளுமாம். இந்த மாத்திரை அதைக் கொல்வதில்லை. நகல் சங்கிலிபோலக் கோத்துக்கொண்டு வரும்போது நடுவில் ஒரு போலிக் கண்ணியைச் செருகிவிடுகிறது, சங்கிலி அதோடு நின்றுபோகிறது. ரத்தத்தில் காணாமல் போனாலும் ஈரலுக்குள் அது பதுங்கியேதான் இருக்கும், மாத்திரையை விட்டால் மறுபடி கிளம்பும், சிலருக்கு முன்னைவிட மோசமாக. இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கரப்பான் எல்லாம் செத்த பிறகும் நீங்க ஏன்ப்பா ரெண்டாவது தடவை போய் அடிக்கிறீங்க என்று கேட்டேன். முட்டை இருக்குமே என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது, வழக்கம்போல என்னை வக்கீலம்மா என்று கேலிகூடச் செய்யவில்லை. மறுநாள் மாத்திரை டப்பாவை எடுத்து அம்மாவின் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். அம்மா அதைத் தள்ளி வைத்துவிட்டுச் சாப்பிட்டாள்.

சாப்பிட்டாள் என்பதும் பொய், பிசைந்துவிட்டு எழுந்துபோனாள். மிஷின்மேல் தலையைச் சாய்த்துத் தூங்கிவிடுகிறாளாம், கடைக்காரர் இரண்டு தடவை வீட்டுக்கு அனுப்பினார். கழிவறைக்குப் போனால் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுகிறாள், அப்படியும் நான் பார்த்துவிட்டேன், சிறுநீர் கட்டித் தேநீர் நிறத்தில் இருந்தது. நேற்று துணி காயப்போடும்போது வெயிலில் அவள் கண்ணைப் பார்த்தேன், வெள்ளை இருக்க வேண்டிய இடம் மஞ்சள். கேட்டதற்கு "உன் கண்ணுலதான் கோளாறு" என்றாள். மருந்துக்கடைப் பெண்ணிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அவர் முகம் மாறிவிட்டது. நீங்களாக மாத்திரையைக் கொடுத்துவிட்டு வீட்டில் வைத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள், ஈரல் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்தாக வேண்டும் என்றார். அப்பா கெஞ்சிப் பார்த்தார், அம்மா அசையவில்லை. "யாரைக் கேட்டு நிறுத்தினீங்கன்னு அந்த டாக்டர் நாலு பேர் முன்னாடி கேப்பாங்க, நான் என்ன சொல்றது?" திட்டுக்குப் பயந்து யாராவது சாவார்களா அக்கா? எனக்கு ராத்திரி தூக்கமே வருவதில்லை, அம்மா மூச்சு விடுகிறாளா என்று கதவருகே போய் நின்று கேட்டுவிட்டு வருகிறேன்.

இன்னொன்றும் உன்னிடம் சொல்ல வேண்டும். இந்த வியாதி பிரசவத்தின்போது தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றுமாம். நான் வயிற்றில் இருந்தபோதுதான் அம்மாவுக்கு இருப்பது தெரிய வந்தது, அதனால் நான் பிறந்த அன்றே எனக்குத் தடுப்பூசி போட்டுவிட்டார்கள். நீ அதற்கு முன்னால் பிறந்தவள். உனக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னார்களாம், நீ ஊசி என்றாலே கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொள்வாயாம், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டதோடு சரி. இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை, அப்பாவிடம் சொல்லி அழுததைக் கேட்டேன். "பெரியவளுக்கும் என்கிட்டேருந்து போயிருந்தா என்ன செய்யறது" என்றுதான் அழுதாள். தன் கண் மஞ்சளானதற்கு அவள் அழவில்லை.

அதனால் நான் யோசித்து வைத்திருப்பதைக் கேள். லீவு தராவிட்டாலும் பரவாயில்லை, புறப்பட்டு வா. வந்து அம்மாவிடம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் வா என்று கூப்பிடாதே, வரமாட்டாள். எனக்கு ரத்தம் பார்க்கணும்மா, தனியாகப் போகப் பயமாக இருக்கிறது, நீ துணைக்கு வா என்று சொல். உடனே செருப்பை மாட்டிக்கொண்டு முன்னால் போய் நிற்பாள்.

உனக்கு ஆசி சொல்லும் வயது எனக்கில்லை. உனக்கு ஒன்றும் இருக்கக்கூடாது, அம்மா சொல்வதுபோல நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும். நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. பயமாக இருக்கிறது என்று நீ சொல்லும்போது மட்டும் அம்மா நம்பும்படி சொல், அக்கா.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் தங்கை