காமினி மோந்து சொன்ன ஒயின்

4 மார்ச் 2024, திங்கள்

பினாங்கின் குர்னி கடற்கரைப் பக்கத்து ஓட்டல் ஒன்றில் சிவப்பு ஒயினைச் சுழற்றி, மூக்கருகே வைத்து, கண்ணை மூடி, “கருஞ்செர்ரி… லேசாகப் புகையிலை” என்றேன். வாங்கிக்கொண்டார்கள். எனக்கு வந்தது தண்ணீரின் வாசனை. தண்ணீருக்கு ஏது வாசனை? அதேதான். ஜனவரிக் காய்ச்சலோடு போன மோப்பம் இன்னும் திரும்பவில்லை. பத்தொன்பது வருடம் ஒயின் விற்றவன், இப்போது நடிகன்.

6 மார்ச்

முதலாளி மோகனராஜ் அண்ணன் கூப்பிட்டார். போர்த்துகலில் ஆறு தலைமுறையாக ஒயின் செய்யும் ஒரு குடும்பம், மூன்று திராட்சைகளைக் கலந்த தங்கள் சிவப்பு ஒயினை எங்கள் கடை வழியாகப் பினாங்கில் விற்கப்போகிறதாம். 18ஆம் தேதி அந்த வீட்டுப் பெண்மணியே வருகிறார். ஓட்டல்காரர்கள் முன்னால் நான்தான் அதை வர்ணிக்க வேண்டும்.

“நம்ம கடைக்கு மூக்கே நீதான் தம்பி.”

தலையாட்டினேன். தலையாட்ட மூக்கு தேவையில்லை.

9 மார்ச்

திங்களன்று விற்ற ஒயின் திரும்பி வந்துவிட்டது. நனைந்த அட்டைப்பெட்டி நாற்றமாம். கெட்டுப்போன புட்டியைத்தான் கண்ணை மூடிப் புகழ்ந்திருக்கிறேன். “வெயிலில் வைத்திருப்பார்கள்” என்று முதலாளியிடம் சொன்னேன். பொய் மட்டும் நன்றாக வருகிறது.

10 மார்ச்

காமினியிடம் சொல்லிவிட்டேன்.

“அப்போ அன்னிக்கு அடிப்பிடிச்ச சாம்பார ரெண்டு தடவ கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே?”

“தெரியல…”

“நான் பாசம்னு நெனச்சேன் லா!”

சிரித்தாள். பிறகு அழுதாள். “பொண்டாட்டிகிட்டகூட ஏன் சொல்லல?”

ஏன் சொல்லவில்லை? மூக்கு போனால் என்னிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று யோசிக்கப் பயம் — வேறென்ன.

13 மார்ச்

மாதிரிப் புட்டியை அடுக்களை மேசையில் வைத்துத் திறந்தேன். காமினி, பிறை என்ற ஊரிலுள்ள பிஸ்கட் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவள். எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை அடித்தால் பத்தடி தள்ளி நின்றே சொல்வாள். மதுவை நாக்கில் வைத்ததில்லை. மோந்து மட்டும் பார்த்தாள்.

“நாவல்பழம். மழ பேஞ்ச தார் ரோடு. ஏலக்காத் தோலு… இருங்க. மூணு திராட்சைன்னீங்கல்ல? ரெண்டு ஒத்துமையா இருக்கு. ஒண்ணு மட்டும் கோவமா தனியா நிக்குது.”

எழுதிக்கொண்டேன். குளிக்கும்போதுகூட மனப்பாடம்.

18 மார்ச்

ஒப்பித்தேன். கோபக்காரத் திராட்சைக்கு வந்ததும் அந்தப் பெண்மணி எழுந்தேவிட்டார். மூன்றாவது திராட்சையைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற சண்டையில் அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் முப்பது வருடம் பேசிக்கொள்ளவில்லையாம். “இதை இதுவரை யாரும் சொன்னதில்லை” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

அதோடு வாயை மூடியிருக்கலாம். முடியலையே! அந்தக் கண்ணப் பாத்துக்கிட்டு எப்படி —

“மோந்தது நானில்லை, என் மனைவி. எனக்கு ஜனவரியிலிருந்து எந்த வாசனையும் தெரியாது.”

இருபது ஓட்டல்காரர்கள். அத்தனை பேரும் கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

19 மார்ச்

“மூக்கு போனது உன் குத்தமில்ல தம்பி. எங்கிட்டயே நடிச்ச பாரு, அதான் தாங்கல” என்றார் முதலாளி. இனி எனக்குப் பட்டர்வொர்த் கிடங்கு. நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

2 ஏப்ரல்

பெட்டி அடுக்குகிறேன். முதுகுவலி மட்டும் துல்லியமாகத் தெரிகிறது.

மாலையில் முதலாளியின் போன். எனக்கில்லை, காமினிக்கு. தன் ஒயினை அறிமுகம் செய்ய மோந்து சொன்ன அந்த மனைவிதான் வேண்டும் என்று போர்த்துகல் பெண்மணி எழுதியிருக்கிறாராம்.

“சனிக்கிழம மட்டும்னா வர்றேன்ணே. ஆனா குடிக்க மாட்டேன்” என்றாள் காமினி. என்னைப் பார்த்தாள். நான் ஏதோ முக்கியமான வேலை போலச் செருப்பைத் தேடினேன்.

27 ஏப்ரல், சனி

காமினிக்கு முதல் நாள். நீலச் சேலை. அவள் பேசப் பேச ஓட்டல்காரர்கள் குறிப்பெடுத்தார்கள். நான் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். புதிதாக வந்த ஒருவர் நான் யார் என்று கேட்டார்.

“நம்ம காமினியோட வீட்டுக்காரர்” என்றார் முதலாளி.

பத்தொன்பது வருடம் இவர்களுக்கெல்லாம் கோகிலனாக இருந்தவன். ஆமாம் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. எழுதிவிட்டேன், இந்த வரியை அடித்துவிடப் போவதில்லை.