பிள்ளையாருக்குப் பக்கத்தில் யமன்

2009 மே 12, செவ்வாய், காலை 9.40. மியூசியத்தில் என் மேசையில் ஜப்பானியப் பட்டுப் படங்கள் பன்னிரண்டு. எடுத்து முடித்தது மூன்று.

வண்ணத்துக்கு அடியில் இருக்கும் கோடுகளை அகச்சிவப்புக் கமராவால் பிடிப்பது என் வேலை. பக்தி அதில் சேர்த்தி இல்லை. காவல் தெய்வங்களாம். இந்திரன், அக்கினி, வருணன் — எல்லாம் எங்கட ஆக்கள்தான். ஜப்பானுக்குப் போய் உடுப்பு மாத்தியிருக்கினம். ஞாயிறு, சண்டையை நிறுத்தச் சொல்லி கார்டினர் ஹைவேயை மறித்துக் கொடியோடு குந்தியிருந்தேன். இன்று இவர்களுக்கு லைட் பிடிக்கிறேன். அண்ணன் சுலக்சன் வன்னியில். கடைசிப் போன் ஜனவரியில். திசைக்கொரு காவல், அங்கே ஒருத்தரும் டியூட்டியில் இல்லை.

மே 13

தெற்குக்கு யமன். எருமை சரி. கையில் மனிதத் தலை வைத்த தடி, அதுவும் சரி. ஆனால் மீசை இல்லை, கோரைப்பல் இல்லை. பல்லு டொக்டர் மாதிரி, "நோகாது" எண்ட முகம். அறிக்கையில் 'ஓவியனின் பிழை' என்று எழுதினேன். மேலாளர் அனுபமா, சென்னைக்காரி, சிரித்தார். "அங்க யமன் அப்படித்தான், நிரூபன். நம்ம நாடகத்துலதான் கத்துவாரு." அழிக்கச் சொன்னார். அழிக்கவில்லை.

மே 14

வீணாய்ப்போன சோதனைப் பிரதியை அம்மாவிடம் காட்டினேன். விசர் வேலை, காட்டியிருக்கக் கூடாது. இப்போது யமன் சாமித்தட்டில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், விபூதியோடு. பக்கத்துவீட்டுச் சந்திரவதனா அன்ரி வாசலிலேயே நின்றுவிட்டா.

"ஆரும் யமனை வீட்டுக்கை வைப்பினமே?"

"உவன் கேட்டால் இரங்கிற முகம்," என்றா அம்மா. "பெடியனை விடச் சொல்லிக் கேக்கிறன்."

மே 18

சண்டை முடிஞ்சுதாம். இங்கே விக்டோரியா நாள். செத்த ராணிக்குப் பிறந்தநாள் எண்டு எங்கட ஏரியா அஜின்கோர்ட் முழுக்க வாணவெடி. அம்மா காதைப் பொத்திக்கொண்டு யமனுக்கு முன்னால்.

மே 27

அண்ணனைப் பற்றித் தகவல் ஒன்றுமில்லை.

ஜூன் 9

செட்டிகுளம் அகதி முகாமிலிருந்து போன். அண்ணனோடு நின்ற மகேஸ்வரன். மே 15, ஷெல். தான்தான் கிடங்கு வெட்டித் தாட்டதாம்.

பதினாலாம் திகதியே கேட்டமே! உந்த எருமைக்காரனுக்கு ஒரு நாள் காணாதோ? படத்தைக் கிழிக்கப் போனன். அம்மா கையைப் பிடிச்சா.

"நோகாமல் கூட்டிக்கொண்டு போற முகம்தானே, தம்பி?"

எனக்கென்ன தெரியும்? "ஓம்" எண்டன்.

இனி:

1. ஐயருக்குப் போன். முப்பத்தோராம் நாள் கிரியை ஜூன் 14, ஞாயிறு.
2. லீவு கேட்க.
3. அறிக்கையில் 'ஓவியனின் பிழை' — அழிக்க.
4. யமனுக்குப் படச்சட்டம் வாங்க. அண்ணன்ரை படத்தின்ரை அளவில்.