பஷீரின் ஆவி

ஞாயிறு இரவு, திருவான்மியூர்

பகடை உருட்டி ஆளுக்கொரு பாத்திரமாக நாங்கள் கதை ஆடும் கோட்டூர்புரம் வீட்டுக்கு இன்று பஷீர் வந்தார். அவருடைய பழைய குழு கலைந்துவிட்டது. பதினோரு வருடமாக அவர் ஆடிய ஆவிப் பாத்திரத்தை எங்கள் கதையில் சேர்க்க வேண்டுமாம். எங்களுடையது ரத்தக்காட்டேரிகளின் கதை. இரண்டு ஆட்டங்களின் விதிப்புத்தகங்களும் அக்கா தங்கை மாதிரிதான். ஆனால் அவர் புத்தகத்தில் ஆவி பேசும். எங்கள் புத்தகத்தில் ஆவியின் பேச்சு காட்டேரிக்குக் கேட்காது. நிருபர் வேலையின் பழக்கம், அந்த விதியை வரி பிசகாமல் அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டேன்.

"இன்னா நைனா, ரெண்டு மணி நேரம் சும்மா குந்திகினு இருக்கணுமா?" என்று சிரித்தார். அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடைசிக் காட்சியில் என் காட்டேரி பனி இறங்கும் ஆற்றங்கரையில் தனியாக நின்றது. எனக்கு மனசு கேட்கவில்லை. "பக்கத்துல யாராவது இருக்கீங்களா?" என்றேன்.

பஷீர் உதட்டை அசைத்தார். நிறையச் சொன்னார். சத்தம் மட்டும் வரவில்லை.

கிளம்பும்போது, "அடுத்த வாரம் வருவீங்கல்ல, பாய்?" என்று கேட்டேன். அதற்கும் உதட்டை மட்டும் அசைத்துவிட்டுப் படியிறங்கினார்.

கண்ணை மூடினால் அந்த உதடுகள் அசைகின்றன. இப்போது கொஞ்சம் கேட்கிற மாதிரி இருக்கிறது.